எங்கே தேயும் என்று யோசித்துவிட்டு அழியுங்கள்: பழசான சின்னம் செய்வது பற்றிக் கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறைகளில் வேலை கற்றுக்கொண்டு, இப்போது குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். தேய்ந்து, உரிந்து, பல வருடம் வெயில் மழை பார்த்த மாதிரி ஒரு சின்னத்தைக் கணினியில் செய்வது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஃபோட்டோஷாப், கிம்ப் என்ற இரண்டு படம் திருத்தும் மென்பொருளுக்கும் பொருந்துகிற மாதிரி பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி மாணவி: அண்ணா, நம் நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரத்தைச் சின்னமாக வரைந்து, இணையத்தில் கிடைத்த கிரஞ்ச் பிரஷ்ஷால் (கறை, கீறல் மாதிரி பதிகிற பிரஷ்) மேலே தட்டினேன். பழசாகத் தெரியவில்லை, அழுக்காகத் தெரிகிறது. ஏன்?

பிரஷ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்திருக்கும்மா. எந்தப் பொருளும் அப்படித் தேய்வதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் ஓடுகிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. ஏறினாலும் இறங்கினாலும் வண்டியின் பாரம் பள்ளத்துப் பக்கமே இழுக்கும். அதனால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு முகம்தான் அதிகம் தேயும். உன் படத்திலும் எல்லாப் பல்லிலும் அதே முகத்தை அரித்துவிடு. கிரீஸ் தங்குகிற பல்லடி கறுப்பாகவே இருக்கட்டும்.

இன்னொன்று, இந்தச் சின்னம் எதன் மேல் இருந்தது என்று முதலில் முடிவு செய். தகரப் பலகை என்றால் ஆணி ஓட்டையைச் சுற்றித் துரு கிளம்பிக் கீழே வழியும். ரப்பர் ஸ்டாம்பு என்றால் மை ஓரத்தில் கட்டி, நடுவில் வெளுக்கும். பழைய பனியன் என்றால் மடிப்பில் விரிசல் விடும். மூன்றையும் ஒரே படத்தில் போட்டால் பார்க்கிற கண்ணுக்கு எதுவுமே நம்பும்படி இருக்காது.

ஊட்டியிலிருந்து ஒருவர்: டெக்ஸ்சர் படங்களை, அதாவது சுவர், துரு மாதிரி மேற்பரப்பின் சொரசொரப்பைக் காட்டும் படங்களை, காசு கொடுத்து வாங்க வேண்டுமா சார்?

வேண்டவே வேண்டாம். நம் ஊர் அளவுக்கு டெக்ஸ்சர் வேறு எங்கே கிடைக்கும்? பாசி ஏறிய சுண்ணாம்புச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, பட்டை உரிந்து தொங்கும் தைலமரம், பாறை மேல் வட்ட வட்டமாகப் படர்ந்த கற்பாசி, எல்லாமே சரக்குதான். கற்பாசி எடுத்தால் பெயின்ட் செதில் செதிலாக உரிந்த மாதிரி வரும். தைலமரப் பட்டை நீளக் கீறலுக்கு நல்லது.

மூடுபனி இறங்கியிருக்கும்போது போய் எடுங்கள். நிழல் விழாது, வெளிச்சம் ஒரே சீராக இருக்கும். வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் சேர்ந்துகொள்ளும், அப்புறம் கறை எது நிழல் எது என்று கணினிக்குப் பிரிக்கத் தெரியாது. போனைச் சுவருக்கு நேராகப் பிடியுங்கள், சாய்க்க வேண்டாம்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லெவல்ஸில் (வெளிச்ச அளவை மாற்றும் வசதி) கறுப்பு, வெள்ளை இரண்டு முனைகளையும் நெருக்கி, பிறகு த்ரெஷோல்டு போடுங்கள். சாம்பல் நிறம் எல்லாம் போய்ச் சுத்தமான கறுப்பும் வெள்ளையும் நிற்கும். அதை நகல் எடுத்து, சின்னம் இருக்கிற லேயருக்கு (படத்தின் ஒரு அடுக்கு) ஒரு மாஸ்க் (அடுக்கை அழிக்காமல் மறைக்கும் திரை) சேர்த்து, அந்த மாஸ்க்குக்குள் ஒட்டுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க் கட்டத்தைத் தட்டினால் அது திறக்கும். கிம்ப்பில் ஒட்டியதும் மிதக்கும் தேர்வை ஆங்கர் செய்ய, அதாவது மாஸ்க்கோடு பதித்துவிட, மறக்காதீர்கள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். தலைகீழாக வந்தால் இன்வர்ட் (கறுப்பு வெள்ளையை மாற்றுவது) செய்தால் சரியாகிவிடும்.

அழிப்பானால் நேரடியாக அழிக்கவே அழிக்காதீர்கள். வாடிக்கையாளர் "கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று நிச்சயம் சொல்வார். மாஸ்க் இருந்தால் வெள்ளை பிரஷ்ஷால் பூசித் திரும்பக் கொண்டுவரலாம். அழித்தது போனது போனதுதான்.

கொடைக்கானலிலிருந்து ஒரு தம்பி: உள்ளே தேய்ந்திருக்கிறது, ஓரம் மட்டும் பிளேடு வைத்து வெட்டின மாதிரி நிற்கிறது அண்ணா.

மாஸ்க் போடுவதற்கு முன்பே ஓரத்தைக் கெடுக்க வேண்டும் தம்பி. வெள்ளைப் பின்னணியில் கறுப்புச் சின்னம், ஒரே லேயரில். முதலில் 3 பிக்சல் காஸியன் ப்ளர் (மங்கலாக்குவது), அதன்மேல் மிதமாக நாய்ஸ் (பொடிப் புள்ளி தூவுவது), பிறகு த்ரெஷோல்டு. ப்ளர் ஆன ஓரம் மட்டும்தான் சாம்பலாக இருக்கும். நாய்ஸ் அந்தச் சாம்பலை அங்கங்கே கறுப்புப் பக்கமோ வெள்ளைப் பக்கமோ தள்ளிவிடும். உள்ளே இருக்கிற கட்டிக் கறுப்பு அசையாது. மை ஊறின காகித ஓரம் மாதிரி பொரபொரவென்று வரும். ரொம்பப் பொடியாக இருந்தால் 1 பிக்சல் ப்ளரும் த்ரெஷோல்டும் இன்னொரு முறை போடு.

குன்னூர், டீக்கடை வைத்திருப்பவர்: கடைப் பெயரைத் தமிழில் போட்டு இதே மாதிரி செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஆனால் தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தின் தலையில் ஒரு பொட்டு விழுந்தால் அது வெறும் அழுக்கு. நம் எழுத்தின் தலையில் விழுந்தால் அது மெய்ப்புள்ளி! 'மலை' என்று எழுதி, ம மேல் ஒரு துளி தெறித்தால் படிக்கிறவர் ஒரு கணம் தடுமாறுவார். புள்ளி அழிந்தாலும் அதே கதைதான், குன்னூர் 'குனனூர்' ஆகிவிடும். ன, ண இரண்டுக்கும் சுழியில்தான் வித்தியாசம் என்பதால் சுழி அடைபட்டாலும் ஆபத்து. அதனால் டெக்ஸ்சர் போட்டு முடித்ததும் எழுத்துகளின் மேல்பக்கத்தையும் சுழிகளையும் கையால் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். தடித்த எழுத்துருவாக எடுங்கள், மெல்லிசு தாங்காது.

ஒரு கால்பந்து அணித் தலைவர்: ஜெர்சியில் அடிக்கும்போது எவ்வளவு தேய்க்கலாம்?

கணினித் திரையில் பார்க்கப் பிடிக்கிற அளவில் பாதி. இதை ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு அணிக்கு வரையாட்டுத் தலை ஒன்றைத் தேய்த்து அடித்துக் கொடுத்தேன். பொடிப் புள்ளிகள் ஃபிரேமில் (மை இறங்கும் வலைச் சட்டம்) கழுவும்போதே பாதி அடைத்துக்கொண்டன, கொம்பு எங்கே முகம் எங்கே என்று தெரியவில்லை. பிரிண்ட் சரியாக விழவில்லை என்று பையன்கள் முகம் வாடிப் போனார்கள். எல்லாவற்றையும் என் செலவில் திரும்ப அடித்தேன். அன்றிலிருந்து படத்தை நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். அதிலும் உருவம் புரிந்தால்தான் ஃபிரேமில் படம் பதிக்கிற ஃபிலிம் எடுப்பேன். 10 அங்குல அகலத்துக்கு 3000 பிக்சல் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது அங்குலத்துக்கு 300.

கணினி இல்லை, போன்தான் இருக்கிறது. முடியுமா?

பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ (Photopea) என்ற மென்பொருளில் மாஸ்க், த்ரெஷோல்டு எல்லாம் உண்டு. சின்னத் திரையில் கண் வலிக்கும், வேலை நடக்கும்.

தோடர் எம்பிராய்டரி வடிவத்தை இப்படித் தேய்த்து டிசர்ட்டில் போடலாமா?

நான் போடமாட்டேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடுகிற வேலை அது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோடர் பெண்கள் அவ்வளவு நுணுக்கமாகச் செய்வதைக் கிழிந்த மாதிரி காட்ட எனக்கு மனசு வராது. அந்த வடிவம்தான் வேண்டும் என்றால் மந்துக்கு (தோடர் குடியிருப்பு) போய் அவர்களிடமே கேளுங்கள், அவர்கள் தைத்ததையே வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத்துக்குக் குறிஞ்சிப் பூ இருக்கிறது, வரையாடு இருக்கிறது, பல்சக்கரம் இருக்கிறது.

கடைசியாக எந்த ஃபைலில் கொடுக்க வேண்டும்?

பின்னணி இல்லாத பிஎன்ஜி. ஜேபெக் வேண்டாம், பின்னணி வெள்ளையாக வந்துவிடும், ஓரப் புள்ளிகளைச் சுற்றிப் புகை மாதிரி அழுக்குச் சேரும். லேயரோடு இருக்கும் மூல ஃபைலை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.