பட்டறைப் பக்கம்: ஹெட் வேலைக்குப் பிறகு இழுக்காத லாரி

கேள்வி: அண்ணே, வணக்கம். என்னிடம் 2011 மாடல் பத்துச் சக்கர லாரி இருக்கிறது. ஆறு சிலிண்டர், டர்போ இன்டர்கூலர், பழைய மாதிரி டீசல் பம்ப் வண்டி. கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு நெல் ஓட்டுகிறேன். என்ஜினின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போனதால் ஹெட்டை இறக்கி, மட்டம் பார்த்து மாட்டினார்கள். டர்போவையும் கழற்றித்தான் மாட்டினார்கள். காலி வண்டி நன்றாக ஓடுகிறது. 400 சிப்பம் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் மேம்பாலம் ஏறினால் இரண்டாவது கியருக்கு வந்துவிடுகிறது, பின்னால் ஒரே கரும்புகை. டர்போ போய்விட்டது, மாற்ற 35,000 ஆகும் என்கிறார்கள். மாற்றட்டுமா?
– லாரி உரிமையாளர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, இன்டர்கூலர் அந்தக் காற்றைக் குளிர்விப்பது. ஹெட்டை இறக்கும் வரை இழுத்த டர்போ, மாட்டிய மறுநாளே தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். வேலை நடந்தபோது யார் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் முதலில் தேடுங்கள்.

இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். பல வருடம் முன்னால் வேதாரண்யத்திலிருந்து உப்பு லோடு ஓட்டும் ஒருவர் இதே குறையோடு கும்பகோணத்தில் என் பட்டறைக்கு வந்தார். பிஸ்டன் வேலை பார்த்த வண்டி. நான் டர்போதான் என்று சொல்லிப் புதிது வாங்க வைத்தேன். மாட்டியும் இழுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் இன்டர்கூலரிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் மேனிஃபோல்டுக்கு வரும் ஹோஸ், கிளிப்புக்கு அடியில், சேஸ் பக்கமாகக் கிழிந்திருந்தது. அவருடைய பணம் வீணாகப் போனது இன்றும் என் மனதை உறுத்துகிறது. அன்றிலிருந்து ஹோஸைக் கழற்றி உள்ளும் புறமும் தடவிப் பார்க்காமல் டர்போவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நீங்கள் சொல்லும் புகைதான் பெரிய துப்பு. கரும்புகை என்றால் டீசல் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. புகையும் இல்லாமல் இழுவையும் இல்லாமல் இருந்தால், மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்பின் டயஃப்ரம் (காற்றழுத்தத்தை உணரும் சவ்வு) வரைக்கும் போகும் சன்னமான பைப்பைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அது கழன்றாலோ அடைத்தாலோ, காற்று வரவில்லை என்று நினைத்துப் பம்பே டீசலைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் காற்றைத்தான் தேட வேண்டும்.

டர்போவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். பழைய ஹோஸ் இறுகிப்போயிருக்கும், திரும்ப மாட்டும்போது பழைய தடத்தில் உட்காராது. ஐட்லிங்கில் அந்தக் கிழிசல் மூடியே இருக்கும், லோடில்தான் வாயைத் திறக்கும். எங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி கறுப்பாக ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் காற்று போகிறது. சந்தேகமாக இருந்தால் டர்போவின் காற்று வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் டியூப் வால்வைப் பொருத்தி, காற்று பிடியுங்கள். 15 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகவேண்டாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். என்ஜினுக்குள் திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று இறங்கத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்படாதீர்கள். பைப்புகளைக் கழற்றும்போது உள்ளே டார்ச் அடித்தும் பாருங்கள். தூசி போகாமலிருக்க அடைத்த வேஸ்ட் துணியை எடுக்க மறந்து அப்படியே மாட்டிவிடுவது நடக்கும்.

ஏர் ஃபில்டர் பக்கத்தையும் விடாதீர்கள். அறுவடைக் காலத்தில் களத்துச் சுணையும் தூசியும் ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸ் நைந்திருந்தால், முழு லோடில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியில் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும்.

அடுத்தது சைலன்சர் பக்கம். டர்போவைச் சுற்றுவது வெளியேறும் புகையின் விசைதான், அது வழியில் கசிந்தால் டர்போவுக்குத் தெம்பு இருக்காது. ஹெட்டுக்கும் புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் நடுவே, அந்த மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே, கரி படிந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தாலும், நீண்டுபோன பழைய ஸ்டட்டையே முறுக்கியிருந்தாலும் இது வரும். லோடில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போ. என்ஜின் ஆறிய பிறகு ஷாஃப்ட்டை விரலால் சுற்றுங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கையில் தட்டுப்படும்படி ஆடினாலோ, இறக்கை கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். பம்பை இறக்கியிருந்தால் டீசல் பாயும் நேரமான டைமிங்கையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "பம்பில் டீசலை ஏற்றிவிட்டால் இழுக்கும்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டினால் புகைச் சூடு ஏறும். இப்போதுதான் மாற்றிய கேஸ்கெட்டுக்கும் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் அதுதான் எமன்.

நம் டெல்டாவில் தரை மட்டமாக இருப்பதால் பட்டறைக்காரர் காலி வண்டியைச் சுற்றிவிட்டு வந்து "ஓகே" என்று சொல்வது எளிது. நிறுத்திவைத்து ரேஸ் செய்தாலும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், தெரியாது, டர்போ தெம்பு காட்ட லோடு வேண்டும். பம்பின் டயஃப்ரத்துக்குப் போகும் அந்தச் சன்ன பைப்பில் ஒரு டி இணைப்பு போட்டு அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். 400 சிப்பத்தோடு அதே மேம்பாலத்தை முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கட்டும். கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் உங்கள் என்ஜினுக்குச் சொன்ன அளவோடு ஒப்பிட்டுவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள்.

கேள்வி: டர்போவைக் கழற்றி மாட்டியபின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் எண்ணெய் ஊற்ற வேண்டுமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: கட்டாயம் ஊற்ற வேண்டும் அம்மா. ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. சில நொடி எண்ணெய் இல்லாவிட்டாலும் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிடும். ஆயில் வரும் துவாரத்தில் சுத்தமான என்ஜின் ஆயிலை ஊற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். அப்புறம் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றிவைத்து, டீசலை நிறுத்திவிட்டு, செல்ஃப் மோட்டாரை இடைவெளி விட்டு விட்டு அடிக்க வேண்டும். அந்த வழியே எண்ணெய் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஐந்து நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடட்டும். ஆயில் பைப்பின் கேஸ்கெட்டில் பேஸ்ட் தடவ மட்டும் விடாதீர்கள், அது பிதுங்கித் துவாரத்தை அடைத்துவிடும்.