ஈஸ்ட் உட்கரு வலையாகத் தெரிவது ஏன்?

கேள்வி: ரொட்டி ஈஸ்ட் செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்திழுக்க உருவாகும் கதிர்கோல், ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கியில் வெறும் பச்சைக் குச்சியாகத்தான் தெரிகிறது. உயர் அழுத்தத்தில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோம். உட்கரு முழுக்க ஓட்டை ஓட்டையாக, வலைபோல இருக்கிறது. நுண்ணோக்கியில் கோளாறா?
— ஓர் ஆய்வு மாணவி

பதில்: நுண்ணோக்கி மேல் பழி வேண்டாம். அந்த ஓட்டைகள் பனிப்படிகம் வளர்ந்த இடங்கள். தவறு உறையவைத்தபோதோ அதன் பிறகோ நடந்திருக்கிறது.

பச்சைக் குச்சி தெரிவதில் வியப்பில்லை. ஒற்றைத்தொகுதி (ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி உள்ள) செல்லில் 16 குரோமோசோம்கள். இரட்டித்தபின் 32 கைனிட்டோகோர்கள், அதாவது குரோமோசோம் கதிர்கோலோடு பிணையும் இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நுண்குழல், கதிர்கோலை ஆக்கும் புரதக் குழாய். கதிர்கோலின் இரு முனைகளையும் இணைக்கும் சில நுண்குழல்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 40. ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் தடிமன். சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது.

இனி உறையவைப்பு. செல்களைச் சுழற்றிப் படியவைத்து ஐஸில் வைத்திருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். குளிர் நுண்குழல்களைக் குலைக்கும். 0.45 மைக்ரான் வடிதாளில் உறிஞ்சி வடித்து, பற்பசைப் பதம் வந்ததும் தாளோடு அகார் தட்டில் வையுங்கள். காய்ந்துவிடக் கூடாது, தண்ணீர் மினுங்கவும் கூடாது, மிஞ்சும் நீர்தான் படிகமாகிறது. பசையைக் குச்சியால் வழித்து, 100 மைக்ரான் ஆழமுள்ள கிண்ணத்தில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். குமிழி இருந்தால் 2,100 பார் அழுத்தத்தில் அது நசுங்கி, அழுத்தம் செல்லுக்குச் சரியாகப் போய்ச்சேராது. வடித்ததிலிருந்து உறையும்வரை ஓரிரு நிமிடம் போதும்.

பலர் கோட்டைவிடுவது இதன் பிறகுதான். திரவ நைட்ரஜனில் முக்காத இடுக்கியால் தொட்டாலே மாதிரி சூடேறிப் படிகம் வளரும். அடுத்து, உறைந்த நீரை அசிட்டோனால் மாற்ற வேண்டும். அசிட்டோனில் செல்லை நிலைநிறுத்தும் 1 சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு, 0.1 சதவீத யுரேனைல் அசிடேட் கலந்து, மாதிரியை அதில் மைனஸ் 90 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் விட்டு, மெல்ல வெப்பத்தை ஏற்றுங்கள். பிறகு, மெல்லிய சீவல்களாக வெட்டுவதற்காக மாதிரியில் பிசின் ஏற்ற வேண்டும். ஈஸ்ட்டின் செல் சுவர் அதை லேசில் உள்ளே விடாது. பிசினின் அளவை 25, 50, 75 சதவீதம் என்று நாட்கணக்கில் ஏற்றாவிட்டால் வெட்டும்போது செல்லே பெயர்ந்து விழும்.

நுண்குழல்களை எண்ண 60 நானோமீட்டர் தொடர்சீவல்கள் போதும். முப்பரிமாணம் வேண்டுமென்றால் 250 நானோமீட்டர் சீவலை மைனஸ் 60 முதல் பிளஸ் 60 டிகிரிவரை ஒவ்வொரு டிகிரியாகச் சாய்த்து 121 படங்கள் எடுங்கள். பிறகு 90 டிகிரி திருப்பி மறுபடியும்.

கேள்வி: படம் தெளிவாகத் தெரியச் சீவல்களுக்கு ஈயச் சாயம் ஏற்றியபின் கரும்புள்ளிகள் வருகின்றனவே?

பதில்: ஈய கார்பனேட். மூச்சுக்காற்று படாமல் பாருங்கள். சாயம் ஏற்றும் தட்டில், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, சில சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் போட்டு மூடிவையுங்கள்.