ரீல் சீட்டுக்குள் லொடலொடப்பு: எதை வைத்து நிரப்புவது?

கேள்வி: தூத்துக்குடியில் கரையிலிருந்து தூண்டில் போடுபவன் நான். முதல் முறையாகச் சொந்தமாக ஒரு ராடு கட்டப் பார்க்கிறேன். 10 அடி, இரண்டு துண்டு கார்பன் பிளாங்க் (ராடின் வெறும் கம்பு). டிபிஎஸ் 20 ரீல் சீட் (ரீலை மாட்டும் பகுதி), ஈவிஏ நுரை கிரிப், அலுமினிய வைண்டிங் செக் (கிரிப்பின் முன் ஓரத்தில் வரும் வளையம்) எல்லாம் ஆன்லைனில் வாங்கியாயிற்று. சீட் வர வேண்டிய இடத்தில் பிளாங்க் 15 மி.மீ.தான் இருக்கிறது. சீட்டை மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. மாஸ்கிங் டேப்பைத் தடிமனாகச் சுற்றி, ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியைப் போட்டு ஒட்டிவிடு என்கிறார் நண்பர். வைண்டிங் செக்கும் அரை மி.மீ. பெரிதாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வைண்டிங் செக் சின்ன விஷயம், பிறகு பார்ப்போம். முதலில் சீட்.

டிபிஎஸ் 20 என்பதில் உள்ள 20, சீட்டின் உள்துளை ஏறக்குறைய எத்தனை மி.மீ. என்பதைச் சொல்கிறது. உங்கள் பிளாங்க் 15. ஆக, சுற்றிலும் இரண்டரை மி.மீ. இடைவெளி. சாதாரண மாஸ்கிங் டேப் ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. என்று வைத்தால்கூட பதினாறு பதினேழு சுற்று சுற்ற வேண்டும். அதில் எபாக்ஸி தொடுவது கடைசிச் சுற்றின் வெளிப்பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் மட்டும்தான். நடுவில் உள்ள மற்ற சுற்றுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது டேப்பிலேயே பூசியிருக்கும் ரப்பர் பசை. அது வெயிலில் இளகும், இழுவையில் மெல்ல நழுவும். கடல் தண்ணீர் ஓரமாக உள்ளே போனால் காகிதம் ஊறிவிடும்.

சீட்டை அசைக்கிற வேலையைப் பெரிய மீன்தான் செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை அதிகம் செய்வது உங்கள் கைதான். ரீலின் கைப்பிடியைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் ரீல் இடமும் வலமுமாகத் திருகுகிறது. அந்தத் திருகல் எல்லாம் சீட்டுக்கும் பிளாங்குக்கும் நடுவே போய்ச் சேர்கிறது. நான் கட்டிய முதல் ராடில் இதே டேப் வித்தையைத்தான் செய்தேன். ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த வருஷம் ஒரு பாரை மீனை இழுத்துக்கொண்டிருக்கும்போது ரீல் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி என்னைப் பார்த்தது. கைடு (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்) ஒரு பக்கம், ரீல் ஒரு பக்கம். மீன் போய்விட்டது, நியாயம்தான்.

டேப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். சுற்றிலும் அரை மி.மீ.க்குள் இடைவெளி இருந்தால், கால் அங்குல அகலத்தில் மூன்று நான்கு வளையங்களாகச் சுற்றி, வளையங்களுக்கு நடுவிலும் இரண்டு ஓரத்திலும் எபாக்ஸி நிறைந்து பிளாங்கைத் தொடும்படி செய்தால் பல வருஷம் நிற்கும். உங்களுடையது அந்தக் கணக்கில் வராது. உங்களுக்கு வேண்டியது ஆர்பர். பிளாங்குக்கும் சீட்டுக்கும் நடுவே உட்காரும் கெட்டியான உருளை அது.

சின்ன சீட் வாங்கிவிடலாமே என்று தோன்றும். 16 அல்லது 17 எடுத்தால் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆனால் கரையிலிருந்து வீசுவதற்குப் பெரிய ரீல் வைத்திருப்பீர்கள். அதன் பாதம் சின்ன சீட்டின் கொண்டிக்குள் சரியாக உட்காருமா என்று பார்க்க வேண்டும். பசையைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் ரீலை எடுத்து, வாங்கிய சீட்டிலேயே மாட்டி, நட்டை முழுக்க இறுக்கிப் பாருங்கள். எல்லாம் ஒட்டிக் காய்ந்த பிறகு ரீல் பாதம் நுழையவில்லை என்று தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். 20 பொருந்துகிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்பருக்கு இரண்டு வழி இருக்கிறது. கெட்டியான பாலியூரித்தேன் நுரையில் செய்த ஆர்பர்கள் சீட் அளவுக்கு ஏற்றபடி ஆன்லைனில் கிடைக்கின்றன. வெளிவிட்டம் சீட்டுக்குப் பொருந்தும், உள்துளையை நீங்கள்தான் பிளாங்குக்கு ஏற்பப் பெரிதாக்க வேண்டும். உடைந்த பழைய ராடின் நுனித் துண்டில் உப்புத்தாளைச் சுருளாகச் சுற்றி ஒட்டினால் அதுவே சரிவான அரம் ஆகிவிடும். பிளாங்கும் சரிவாகத்தான் போகிறது என்பதால் இந்தச் சரிவு நமக்கு வசதி. சீட்டின் கீழ் ஓரம் வரும் இடத்தில் 15.3 இருக்கும், மேல் ஓரத்தில் 14.7 இருக்கும். வெர்னியரால் இரண்டு இடத்திலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே துளை எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, செலவும் குறைவு. ஜிப்சம் பலகை இணைப்பில் ஒட்டுவார்களே, சின்னச் சின்னக் கட்டம் போட்ட ஃபைபர் மெஷ் டேப், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதை எபாக்ஸி தடவிக்கொண்டே பிளாங்கில் சுற்ற வேண்டும். கட்டங்களுக்குள் பசை புகுந்து, அடியிலிருந்து மேல்வரை ஒரே கண்ணாடி இழைக் கட்டியாக இறுகிவிடும். மாஸ்கிங் டேப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான். விரலகலத்துக்கு மூன்று பட்டைகள், நடுவில் ஒரு செ.மீ. விட்டுவிட்டுச் சுற்றினால் போதும். சீட்டுக்குள் நுழையும் அளவைவிட ஒரு மயிரிழை கூடுதலாகச் சுற்றி, ஒரு நாள் இறுக விட்டு, பிறகு உப்புத்தாளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்படி இரண்டு கட்டமாகச் செய்தால், சீட்டைப் பசையில்லாமல் மாட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு ஒட்டலாம்.

எவ்வளவு இறுக்கம்? சீட்டைக் கையால் சுழற்றினால் லேசான உராய்வோடு சுழல வேண்டும். அடித்து ஏற்றும்படி இருந்தால் ஏற்றும்போதே பசை முழுக்க வழிந்து வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. இறுக்கமாக ஒட்டினேன், எப்படிக் கழன்றது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்தவர்கள்தான். கார்க் வளையமும் ஆர்பராகும், ஆனால் உப்புத் தண்ணீர் ராடுக்கு நான் போட மாட்டேன். செருப்பு ரப்பர், ஈவிஏ துண்டு, சைக்கிள் டியூப் இவையெல்லாம் அமுங்கும். அமுங்குகிற எதுவும் ஆர்பர் ஆகாது.

பசை விஷயத்திலும் நண்பர் சொன்னதைக் கேட்க வேண்டாம். ஐந்து நிமிட எபாக்ஸி இறுகுவதற்குள் சீட்டை ஏற்றி, நேர் பார்த்து, வழிந்ததைத் துடைக்க முடியாது. அதோடு மெதுவாக இறுகும் வகையைவிட அது தண்ணீரையும் வெப்பத்தையும் குறைவாகவே தாங்கும். கைடைக் கட்டும் நூலின் மேல் பூசும் பளபளப்பு எபாக்ஸியும் வேண்டாம், அது பூச்சு. ராடு கட்டுவதற்கென்று விற்கும் கெட்டியான பசை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அரால்டைட் ஸ்டாண்டர்டு போன்ற, இரவு முழுக்க இறுகும் வகை போதும். பெட்டியில் போட்டிருக்கும் விகிதத்தை மீறி, சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் கலந்த பசை பெட்டியில் சொன்ன நேரத்துக்கு முன்பே கெட்டியாகும். அதனால் காலையிலோ ராத்திரியிலோ வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் சீட்டின் உட்புறத்தை 80 அல்லது 100 நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டுங்கள். பிளாங்கில் சீட் மறைக்கும் பகுதியின் பளபளப்பை மட்டும் 320 நம்பர் தாளால் எடுத்தால் போதும். கறுப்புத் தூள் வர ஆரம்பித்தால் கார்பன் இழையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கவும். கைக்குப் போடும் சானிடைசரால் துடைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அது படலமாக நின்று பசையைப் பிடிக்க விடாது.

இப்போது வரிசை. எல்லாமே மெல்லிய முனை வழியாக உள்ளே வருகின்றன: முதலில் கீழ் கிரிப், அப்புறம் ஆர்பரும் சீட்டும், அப்புறம் முன் கிரிப், கடைசியாக வைண்டிங் செக். கைடு கட்டிய பிறகு வைண்டிங் செக்கை நுழைக்க வழியே இல்லை. நான் இரண்டு முறை மறந்து, கட்டிய நூலைப் பிளேடால் வெட்டியிருக்கிறேன்.

சீட் எந்த உயரத்தில்? ராடின் அடியை அக்குளில் வைத்து, வீசும் கையை இயல்பாக நீட்டினால் உள்ளங்கை விழும் இடம். 10 அடி ராடில் அது அடியிலிருந்து பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ.க்குள் வரும். ரீலை இன்சுலேஷன் டேப்பால் பிளாங்கிலேயே கட்டி, வீசுவதுபோல நாலு முறை ஆட்டிப் பாருங்கள். இங்கிலாந்தில் கடற்கரைத் தூண்டில்காரர்கள் பலர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று, விரும்பிய இடத்துக்கு நகர்த்தித் திருகி இறுக்கும் கோஸ்டர் என்ற கிளிப்பை சீட்டுக்குப் பதிலாக மாட்டிக்கொள்கிறார்கள். அதுவும் வேலை செய்யும், கைக்குத்தான் கொஞ்சம் உறுத்தும்.

ஈவிஏ கிரிப்பின் துளை பிளாங்கைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக இருக்கலாம், 15 மி.மீ. பிளாங்குக்கு 12. பசை தடவித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் தள்ளும்போது அது நீளவாக்கில் அமுங்கும், சில மணி நேரத்தில் மறுபடி நீளும். கிரிப்பையும் சீட்டையும் ஒரே நாளில் ஒட்டினால், ஈவிஏ நீண்டு, இறுகாத சீட்டை நகர்த்திவிடும். கீழ் கிரிப்பை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சீட் மறுநாள்.

சீட்டை ஏற்றும்போது பசையை ஆர்பரிலும் சீட்டின் உள்ளேயும், இரண்டு பக்கமும் தடவி, சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். நட்டின் மரையில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவி வைத்தால் வழியும் பசை அங்கே பிடிக்காது. சீட்டின் உள்ளே மட்டும் வாசலின் படக் கூடாது. ஏற்றியதும் ரீலின் பாதத்தைச் சமையலறை கிளிங் ஃபிலிமால் சுற்றி மாட்டி, அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணால் பாருங்கள். ரீலின் தண்டு பிளாங்குக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பிளாங்கின் ஸ்பைன் (வளைக்கும்போது அதிகம் விறைக்கும் பக்கம்) எந்தப் பக்கம் என்று பெரிய விவாதமே உண்டு. கடற்கரை ராடுக்கு நான் அதைவிட, பிளாங்க் எந்தப் பக்கம் திருப்பினால் நேராகத் தெரிகிறது என்பதைத்தான் பார்ப்பேன். கைடுகளைப் பிறகு சீட்டுக்கு நேராகக் கட்டிக்கொள்ளலாம்.

இனி வைண்டிங் செக், அலங்கார வளையங்கள். இவை அழகுக்கு மட்டும் என்று நினைத்தால் உங்கள் ஊரில் சீக்கிரமே பாடம் கிடைக்கும். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து, வளையம் வீங்கி, மேலே போட்ட பூச்சையும் உடைத்துக்கொண்டு வரும். ஆகவே அலுமினிய வளையம் பிளாங்கைத் தொடவே கூடாது. நடுவில் முழுச் சுற்றுக்கும் எபாக்ஸியோ நூலோ இருக்க வேண்டும்.

அந்த வகையில் உங்கள் செக் அரை மி.மீ. பெரிதாக இருப்பது நல்லதுதான். அது உட்காரும் இடத்தில் ராடு கட்டும் நூலை ஒன்றிரண்டு அடுக்கு நெருக்கமாகச் சுற்றி, எபாக்ஸி தடவி, செக்கை அதன் மேல் ஏற்றுங்கள். நடுவிலும் நிற்கும், கார்பனையும் தொடாது. சிறிதாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்லியிருப்பேன். துளையை அரத்தால் பெரிதாக்கினால் உள்ளே இருக்கும் அனோடைஸ் பூச்சு போய்விடும், பிளாங்கைத் தேய்ப்பது அதைவிட மோசம். அடுத்த முறை வாங்கும்போது ரப்பர் செக்கையும் யோசியுங்கள். பார்க்க எடுப்பாக இருக்காது, ஆனால் அரிக்காது, கொஞ்சம் விரிந்தும் கொடுக்கும். சீட்டின் முன் ஓரத்தில் ஆர்பர் வெளியே தெரிந்தால், முன் கிரிப் அதை மறைக்காவிட்டால், அங்கே ஒரு டிரிம் வளையம் கட்டாயம். அதன் ஓரத்தில் எபாக்ஸியைச் சரிவாக நிரப்பி மூடுங்கள். தண்ணீர் ஆர்பருக்குள் நுழையும் முக்கிய வாசல் அதுதான்.

பட் கேப்பை (ராடின் அடி மூடியை) ஒட்டும்போது ஒன்று கவனியுங்கள். பிளாங்க் உள்ளே வெறும் குழாய். கேப்பை அமுக்கியதும் உள்ளே மாட்டிய காற்று அதை மெல்ல வெளியே தள்ளும். டேப் போட்டு இழுத்துக் கட்டி வைத்தால் போதும்.

ஒரு நாள் கழித்து ரீல் மாட்டலாம். முழு பலத்தோடு வீச ஒரு வாரம் பொறுங்கள். எல்லாம் காய்ந்த பிறகு சீட் கோணலாக இருப்பது தெரிந்தால், ஹீட் கன்னை எடுத்துக்கொண்டு வராதீர்கள். எபாக்ஸி இளகும் சூட்டில் பிளாங்கின் ரெசினும் கெட்டுப்போகலாம், வெளியே தெரியாது, வீசும்போதுதான் முறியும். சீட் போனால் போகட்டும் என்று அதை நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டு கீறல் கீறி, ஆர்பர் வரைக்கும் மட்டும் இறங்கி, பிளந்து எடுத்துவிட்டு, புது சீட் வாங்கிக்கொள்ளுங்கள். மெஷ் டேப் ஆர்பர் என்றால் அதைத் தேய்த்துச் சீராக்கி மறுபடி பயன்படுத்தலாம்.