மூன்று கணினி, ஒரே கதவு, ஏழு கோப்பு

கேள்வி: கல்லடியில் மூன்று பேர் வேலை செய்யும் சிறிய படவரைஞர் அலுவலகம் எங்களுடையது. கட்டடம் வரையும் மென்பொருளான ரெவிட்டில் பயன்படுத்தும் கதவு, யன்னல், குளியலறைச் சாமான் ஃபேமிலிக் கோப்புகள் (திரும்பத் திரும்பப் போடும் உருப்படிகளின் கோப்புகள்) மூன்று கணினிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒற்றைக் கதவுக்கே ஏழு கோப்புகள். திட்டவாரியாகப் பிரிப்பதா, வகைவாரியாகவா?

பதில்: வகைவாரியாக. கதவு, யன்னல், தளபாடம் என்று ஒரே அடுக்கில் கோப்புறைகள் போதும். ஆனால் உங்கள் சிக்கல் கோப்புறையில் இல்லை, பெயரில் இருக்கிறது.

ஒரு ஃபேமிலியை ஏற்றும்போது ரெவிட் அதன் பிரதியைத் திட்டத்துக்குள் வைத்துக்கொள்கிறது. நூலகத்தில், அதாவது இந்தக் கோப்புறைகளில், இருக்கும் கதவை நீங்கள் பிறகு திருத்தினாலும் திட்டத்தில் எதுவும் மாறாது. மறுபடி ஏற்ற வேண்டும். அப்போது பெயர் ஒன்றாக இருந்தால், பழையதன் மேல் எழுதட்டுமா என்று கேட்கும். (அளவுகளையும் சேர்த்து மாற்றும் தெரிவைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடாதீர்கள், அந்த வீட்டுக்கென்று மாற்றிய அளவுகள் போய்விடும்.) 'கதவு புதியது', 'கதவு கடைசி' என்று பெயர் மாறியிருந்தாலோ, வேறொரு கதவென்று எண்ணிப் பக்கத்திலேயே குடியேற்றிவிடும். உங்கள் ஏழு கோப்புகளும் அனேகமாக இப்படித்தான் பிறந்திருக்கும்.

ஆகவே கோப்பின் பெயரில் திகதி, வீட்டுக்காரர் பெயர், அளவு எதுவும் வேண்டாம். 'கதவு–பலகை–ஒற்றை' போதும். அளவுகள் அந்தக் கோப்புக்குள் டைப்புகளாக, அதாவது ஒரே கதவின் அளவு வகைகளாக, இருக்கட்டும். டைப்பின் பெயரில் அளவையும் அலகையும் எழுதுங்கள். இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டுக்கு நான் 900க்கு 2100 மில்லிமீற்றர் என்று வரைந்தேன். ஓடாவியார் அதை வழக்கமான 3 அடிக்கு 7 அடிக் கதவு என்று எடுத்துக்கொண்டார். 7 அடி என்பது 2134 மில்லிமீற்றர். வாசலுக்கு மேலே லிண்டல் விட்டம் போட்ட பிறகு கதவு நிலை உள்ளே போகவில்லை, கொத்த வேண்டியதாயிற்று. பிழை என்னுடையதுதான். அன்றிலிருந்து என் டைப் பெயர்களில் அடிக்கணக்கும் சேர்ந்தே இருக்கிறது.

டைப்புகள் மிகப் பல என்றால் அவற்றை ஃபேமிலியின் அதே பெயருள்ள எழுத்துக் கோப்பில் (.txt) பட்டியலாக வைக்கலாம். ஃபேமிலியை இடம் மாற்றும்போது அதையும் கூடவே கொண்டுபோக வேண்டும்; பிரிந்தால் ஏற்றும்போது பட்டியல் தோன்றாது.

மூன்று கணினிகளிலும் ரெவிட் ஒரே பதிப்பா என்று பாருங்கள். 2024 பதிப்பில் சேமித்ததை 2022 பதிப்பில் திறக்க முடியாது. பின்னோக்கிச் சேமிக்கவும் வழி இல்லை. பதிப்புகள் வேறென்றால் உள்ளவற்றில் பழைய பதிப்பிலேயே நூலகம் இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் 0001, 0002 என்று முளைப்பவை ரெவிட்டே எடுத்துவைக்கும் பழைய பிரதிகள். மின்வெட்டுக் காலத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன, ஆனாலும் நூலகத்தில் அவற்றுக்கு இடமில்லை.

சுவர், தளம், கூரை ஆகியவை இந்தக் கணக்கில் வரா. அவற்றைத் தனி ஃபேமிலிக் கோப்பாகச் சேமிக்க முடியாது. 6 அங்குலச் சீமெந்துக் கல் சுவர் போன்ற நீங்கள் வழக்கமாகப் போடுபவற்றை ஒரு திட்டக் கோப்பில் வரிசையாக வரைந்து வையுங்கள். வேண்டியதைப் பிரதி எடுத்துப் புதிய திட்டத்தில் ஒட்டலாம்.

நூலகத்தில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். மற்ற இருவரும் எடுக்கலாம், வைக்கக்கூடாது. கல்முனையிலிருந்து நண்பர் பென் டிரைவில் தந்த அழகான சோபாவும் அந்த உரிமை உள்ளவர் கைவழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

தொடங்குவதற்குப் பழைய கோப்புறைகளைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டாம். அண்மையில் ஒழுங்காக முடித்த ஒரு வீட்டுத் திட்டத்தைத் திறந்து, பயன்படாதவற்றை நீக்கி, எஞ்சிய ஃபேமிலிகளை நூலகமாகச் சேமிக்கும் கட்டளையால் புதிய கோப்புறைக்கு எடுங்கள். பெயர்களைத் திருத்தினால் அதுவே உங்கள் நூலகம். பழைய கோப்புறைகளுக்குப் 'பழையது' என்று பெயரிட்டு ஓர் ஆண்டு அப்படியே விடுங்கள். அதற்குள் யாரும் தேடிப் போகாததை அழித்துவிடலாம்.