இவ்வளவு ராடாரும் போர் விமானமும் இருந்தும், கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தை ஏன் தடுக்க முடியாமல் போகிறது?

சுடும் வல்லமை இல்லாமல் இல்லை. எதைச் சுடுவது, யார் சொல்லிச் சுடுவது என்று தெளிவாவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஜெற்றுக்குப் பதினாறு நிமிடம் போதும். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஏறியவர் பக்கத்து ஆரையம்பதியில் இறங்கி மிச்சக்காசு வாங்குவதற்குள் அது கொழும்பில் நிற்கும்.

2001 செப்டெம்பர் 11ஐ எடுங்கள். பொஸ்டனிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் 11 என்ற பயணிகள் விமானம் காலை 8:14 அளவில் கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. இராணுவத்துக்குச் செய்தி போனது 8:38க்கு. நியூயோர்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரத்தில் மோதியது 8:47க்குச் சற்று முன். எஃப்-15 போர் விமானங்கள் தரையை விட்டு எழும்பியது 8:53க்கு. அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இராணுவத்துக்கு அதிக அவகாசம் கிடைத்தது இதற்குத்தான், அதுவும் ஏறக்குறைய ஒன்பது நிமிடம். மற்ற மூன்றைப் பற்றி உரிய நேரத்தில் தகவலே போகவில்லை.

ராடார் எல்லாவற்றையும் காட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. திரையில் விமானத்தின் பெயரும் உயரமும் தெரிவது, விமானத்திலுள்ள ட்ரான்ஸ்பொண்டர் கருவி பதில் அனுப்புவதால். அது நின்றால் மிஞ்சுவது அலை பட்டுத் திரும்பும் வெறும் புள்ளி. சில இடங்களில் அதுவும் இல்லை. அன்று கடத்தப்பட்ட இன்னொரு விமானமான அமெரிக்கன் 77இன் கருவி 8:56க்கு அணைந்ததும், விமானம் விழுந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பழைய பாதையில் தேடிக்கொண்டிருக்க, அது 36 நிமிடம் யார் கண்ணிலும் படாமல் கிழக்கே வோஷிங்டனை நோக்கிப் பறந்தது.

வான்பாதுகாப்பு கட்டப்பட்டதே வெளியிலிருந்து வரும் எதிரிக்காக. அன்று அமெரிக்கப் பெருநிலம் முழுவதற்கும் ஏழு தளங்களில் 14 போர் விமானங்கள்தான் தயார்நிலையில் இருந்தன. லாங்லி விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பிய எஃப்-16 போர் விமானங்கள், பழைய பழக்கப்படி கடல் பக்கம் போயின. அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனில் அமெரிக்கன் 77 மோதியபோது அவை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தள்ளி இருந்தன.

நம்மூரில் இதைப் பேசும்போது 2007இல் கட்டுநாயக்கவுக்கும் 2009இல் கொழும்புக்கும் வந்த புலிகளின் சிறு விமானங்களையும் சேர்த்துக் குழப்புவார்கள். அது வேறு சிக்கல். அங்கே எதிரியைக் கண்டுபிடிப்பதுதான் பாடு, கண்டால் சுடலாம். பயணிகள் விமானத்தில் உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள், சிதைவு விழுவதும் ஊர் மேல்தான். அப்படிச் சுட அனுமதித்த ஜெர்மன் சட்டத்தை 2006இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே இரத்துச் செய்தது. தவிர, பதில் சொல்லாத விமானமெல்லாம் கடத்தப்பட்டதல்ல: 2005இல் ஹீலியோஸ் 522 என்ற பயணிகள் விமானத்தை நெருங்கிப் பார்த்த கிரேக்க எஃப்-16கள் கண்டது, காற்றழுத்தம் போய் மயங்கிக் கிடந்த விமானியை.

சில நேரம் காரணம் இதைவிடச் சாதாரணம். 2014 பெப்ரவரியில் எத்தியோப்பிய 702 என்ற பயணிகள் விமானத்தைத் துணை விமானியே கடத்தி விடியற்காலை ஜெனீவாவில் இறக்கினார். கூடவே பறந்தவை இத்தாலிய, பிரெஞ்சு விமானங்கள். சுவிஸ் விமானப்படை அப்போது அலுவலக நேரத்தில் மட்டும்தான் வேலை செய்தது!

ஆகவே, என் கணிப்பில், ஏவுகணையைவிடப் பயன் தந்தது விமானி அறைக் கதவை வலுப்படுத்தியதுதான். அதிலும் ஓட்டை உண்டு. 2015இல் ஜெர்மன்விங்ஸ் என்ற விமான நிறுவனத்தின் துணை விமானி அதே கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு, தன்னையும் சேர்த்து 150 பேர் இருந்த விமானத்தை மலையில் மோதினார். அதன் பின் அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் பரிந்துரைத்து, அடுத்த ஆண்டே அதையும் தளர்த்திவிட்டார்கள்.