பதில் சொல்லாத திரையும் பதினான்கு மாதக் குழந்தையும்

கேள்வி: நான் தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். மகனுக்கு 14 மாதம், மகளுக்கு இரண்டே முக்கால் வயது. கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். பகலில் பிள்ளைகளை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். நாத்தனாரின் மகன் போனில் காணொளி பார்த்தே ஆங்கிலத்தில் இலக்கங்களும் நிறங்களும் சொல்கிறான் என்றும், அவை வெறும் கார்ட்டூன் இல்லை, படிப்புக் காணொளிகள்தான் என்றும், நானும் காட்ட வேண்டும் என்றும் நாத்தனார் வற்புறுத்துகிறார். என் மகனோ இப்போதே போனைக் காட்டினால்தான் சோறு வாங்குகிறான். காட்டலாமா? இதுவரை காட்டியதால் ஏதும் பாதிப்பு வருமா? வயதான மாமியார் போன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பார்?

பதில்: மகனுக்கு இப்போது வேண்டாம். மகளுக்குச் சிறிதளவு காட்டலாம், ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து பார்க்க வேண்டும். கணவரோடு பேசும் வீடியோ அழைப்பு மட்டும் இருவருக்குமே நல்லது, அதை நிறுத்த வேண்டியதில்லை. இந்த மூன்றையும் ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் நாத்தனாருக்குப் பதில் சொல்ல உங்களுக்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும்.

பதினான்கு மாதக் குழந்தை மொழியைக் கற்பது ஒரு கொடுக்கல் வாங்கலின் ஊடாகத்தான். வீட்டு முன்புற இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகன், தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஓடும் நாயை விரலால் காட்டி ஏதோ ஒரு சத்தம் எழுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாமியார் அவன் பார்க்கும் திசையைப் பார்த்து, "ஆமாடா, நாய் ஓடுது பாரு" என்கிறார். அவன் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான், மறுபடியும் நாயைப் பார்க்கிறான், மறுபடியும் சத்தமிடுகிறான். நாய் என்ற சொல் அவனுக்குள் இறங்குவது, அவன் மனம் எதில் நிலைத்திருந்ததோ அதற்கே, அவன் கேட்ட அந்தக் கணத்திலேயே பெயர் கிடைத்ததனால்தான். காணொளியில் வரும் நாய்க்கு அவன் எங்கே பார்க்கிறான் என்பது தெரியாது. அவன் அடுப்பைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் அது தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும், அவன் ஏதாவது சொன்னால் நின்று பதில் சொல்லவும் மாட்டாது.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் 12 தடவைகள் நேரில் புத்தகம் காட்டியும் விளையாட்டுப் பொருள் காட்டியும் பேசினார்கள். அதன் பின் சோதித்தபோது அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாடுகளை, அந்த மொழியைக் கேட்டே வளர்ந்த தாய்வான் குழந்தைகளுக்கு இணையாக இனங்கண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, அதே பொருட்கள், ஆனால் காணொளியாகக் காட்டப்பட்ட இன்னொரு குழுவோ எதையும் கற்றிருக்கவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்ட குழுவும் அப்படியே. குழந்தையின் காதில் சொல் விழுவது மட்டும் போதாது, அது ஒரு மனிதரிடமிருந்து, தன்னை நோக்கி வர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

நாத்தனாரின் வாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு 2010இல் வெளியானது. ஜூடி டிலோச் என்பவரின் குழுவினர், 12 முதல் 18 மாதம் வரையான குழந்தைகள் சிலருக்கு, சொற்கள் கற்பிப்பதாக விற்கப்பட்ட ஒரு காணொளியை நான்கு வாரங்களுக்கு வீட்டிலேயே காட்டச் செய்தார்கள். வேறு சில குழந்தைகளுக்குக் காணொளி எதுவும் இல்லை, அதே சொற்களைப் பெற்றோர் அன்றாட வேலைகளுக்கிடையில் சொல்லிக் கொடுத்தார்கள். அதிகம் கற்றவை பெற்றோர் சொல்லிக் கொடுத்த குழந்தைகள்தான். காணொளி பார்த்த குழந்தைகள், எதுவும் செய்யப்படாத குழந்தைகளைவிடக் கூடுதலாகக் கற்கவில்லை. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: காணொளியை மிகவும் விரும்பிய பெற்றோர் தங்கள் பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள், ஆனால் சோதனையில் அது தெரியவில்லை. பிள்ளை அசையாமல் திரையைப் பார்ப்பதை நாம் ஆர்வமாக எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நிறமும் அசைவும் சத்தமும் மாறிக்கொண்டே இருந்தால் எந்தக் குழந்தையின் கண்ணும் அங்கேதான் நிற்கும்.

அப்படியானால் நாத்தனாரின் மகன் சொல்லும் இலக்கங்கள் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை, அவன் உண்மையாகவே சொல்கிறான். ஆனால் பத்து வரை வரிசையாகச் சொல்லும் பிள்ளையிடம் "மூன்று விசுக்கோத்து எடுத்து வா" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பாட்டைப் போல வரிசையை மனப்பாடம் செய்வது வேறு, எண்ணை விளங்கிக்கொள்வது வேறு. இந்த வயதில் நான் தேடுவது, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கிறானா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, தான் கண்ட ஒன்றைக் காட்ட அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வருகிறானா என்பவற்றைத்தான். இவை இருந்தால் ஆங்கில எண்களை முன்பள்ளியில் படித்துக்கொள்ளலாம்.

"கல்வி" என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தப் பெயரைக் காணொளியின் மேல் ஒட்டுவதற்கு எவரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான இத்தகைய காணொளிகளில் உலகப் புகழ் பெற்ற பேபி ஐன்ஸ்டைனை வைத்திருந்த டிஸ்னி நிறுவனம், 2009இல் அமெரிக்காவில் அவற்றை வாங்கிய பெற்றோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், ஒரு வயதுக் குழந்தைக்கும் அது பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆலோசனை, 18 மாதம் வரை வீடியோ அழைப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றும், 18 முதல் 24 மாதம் வரை காட்டுவதானால் தரமானதைத் தேர்ந்து பெற்றோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றும் கூறியது. நான் உங்களுக்குச் சொல்லும் பதிலும் இவற்றையே ஒட்டியது.

இதுவரை காட்டியதை நினைத்துக் கலங்க வேண்டாம். 2007இல் வந்த ஓர் ஆய்வு, 8 முதல் 16 மாதம் வரையான குழந்தைகள் இத்தகைய காணொளிகளை நாளுக்கு ஒரு மணி நேரம் பார்த்தால், பார்க்காத குழந்தைகளைவிடச் சராசரியாக ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவாக விளங்கிக்கொள்வதாகக் கூறியது. அந்தத் தரவுகளைப் பின்னர் மீண்டும் ஆராய்ந்தவர்கள் முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். காணொளி மூளையில் நேராகத் தீங்கு செய்கிறது என்பதைவிட, அது பேச்சுக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைகின்றன என்று 2009இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஒரே காம்பராவில் எல்லாரும் இருக்கும் லயத்து வீட்டில் இதை மிகவும் கவனிக்க வேண்டும். குழந்தை பார்க்காவிட்டாலும், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் நாடகம் மாமியாரின் பேச்சை நிறுத்திவிடுகிறது. ஆகவே அவர் விரும்பும் நாடகத்தை அவர் பார்க்கட்டும், அது முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

இனி சோற்றுப் பிரச்சினை. முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரியாது, என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரியாது. நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குங்கள். போனை அவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிடும்போது அவனையும் சேர்த்து உட்கார வைத்து, சிறிய தட்டில் குழைத்த சோறும் பருப்பும் அவித்த கரட்டும் வைத்து, அவன் கையாலேயே எடுக்க விடுங்கள். சிந்துவான், பூசிக்கொள்வான், பாதிதான் உள்ளே போகும். முதல் சில நாட்கள் அழுது குறைவாகச் சாப்பிடக்கூடும். நலமாக உள்ள குழந்தை பசியெடுத்தால் சாப்பிடும். இருபது முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்குக் காத்திருங்கள், இடையில் விசுக்கோத்தும் இனிப்புத் தேநீரும் கொடுத்து வயிற்றை நிரப்ப வேண்டாம். அவனுடைய நிறை முன்பே வளர்ச்சிப் புத்தகத்தின் கோட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும், இதைத் தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.

மாமியாரின் பாடு பெரியது. முடியாத ஒருவரிடம் இரண்டு குழந்தைகளைக் கொடுத்துவிட்டு, போனையும் தொடாதே என்று கட்டளையிடுவது நியாயமாகாது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) நல்ல முறையில் நடக்கிறதென்றால் மகளை மட்டுமாவது அரை நாள் அங்கே விடுங்கள், ஒரு குழந்தையோடு இருப்பது அவருக்குப் பாதிப் பாரத்தைக் குறைக்கும். அங்கே தொலைக்காட்சி போட்டுவைக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் நேரத்துக்குப் புதிய விளையாட்டுப் பொருள் எதுவும் தேவையில்லை. மூடியோடு கூடிய இரண்டு மூன்று சட்டி, அகப்பை, தேங்காய்ச் சிரட்டை, பழைய துணி ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டுவைத்து, தினமும் வேறு வேறு பொருட்களாக எடுத்துக் கொடுத்தால் பதினான்கு மாதக் குழந்தைக்கு அதுவே நெடுநேரம் போதும். அடுப்பும் கொதிநீரும் எட்டாதபடி வாசற்படியில் ஒரு தடுப்பு வையுங்கள்.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டுகளை நான் எந்தக் காணொளிக்கும் மேலாக மதிக்கிறேன். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு அப்பாவுக்கு என்று விரல் விரலாகப் பங்கு வைத்து, கடைசியில் கை வழியே நண்டு ஊர்ந்து போய்க் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். அதில் வரிசை இருக்கிறது, உறவுகளின் பெயர்கள் இருக்கின்றன, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. நண்டு கக்கத்துக்கு வருமுன் பாட்டி சற்று நிறுத்தும்போது குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறது. முடிந்ததும் கையை மறுபடி நீட்டுகிறது. "இன்னொரு முறை" என்று வாயால் சொல்லத் தெரியாத குழந்தை அதைக் கையால் சொல்கிறது, பாட்டி அதற்குப் பதில் சொல்கிறார். படுத்தபடியே அவரால் இதைச் செய்ய முடியும், ஆடி மாத மழையில் நாள் முழுவதும் கதவு சாத்தியிருந்தாலும் செய்ய முடியும்.

ஆங்கிலம் பற்றிய கவலை இருந்தால், மாமியாருக்கு எந்த மொழியில் தங்குதடையின்றிப் பேசவும் கதை சொல்லவும் அதட்டவும் கொஞ்சவும் வருமோ அந்த மொழியே பிள்ளைகளுக்கு வேண்டும். தமிழில் ஆழமாகப் பேசப் பழகிய குழந்தைக்கு இன்னொரு மொழி ஏறுவதற்கு அது தடையாகாது.

மகளுக்கு இரண்டே முக்கால் வயது என்பதால் நிலைமை சற்று வேறு. ஏறத்தாழ இரண்டரை வயதைத் தாண்டும்போதுதான் திரையில் கண்டதை நிஜப் பொருளோடு பொருத்திப் பார்க்கும் ஆற்றல் பிள்ளைகளுக்கு வலுப்படுகிறது. நீங்கள் வேலை முடிந்து வந்த பிறகு, இருபது நிமிடம் போல, மடியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். வேகமாகக் காட்சி மாறாத, ஒரே கதை போகிற, அவளுக்கு விளங்கும் தமிழில் பேசுகிற ஒன்றைத் தேர்ந்து அதையே பல நாள் காட்டலாம், சிறு பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நல்லது. இடையில் நிறுத்தி, "அந்தக் கோழி எங்கே போச்சு? நம்ம வீட்டுக் கோழி எங்கே?" என்று கேளுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியைப் போனில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாகிவிடும். படுக்கப் போகும் முன்னான ஒரு மணி நேரத்தில் திரை வேண்டாம். அவள் பார்க்கும்போது தம்பியும் எட்டிப் பார்ப்பான் என்பதால், அவன் தூங்கும் வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கணவரின் வீடியோ அழைப்பை இந்தத் தடையிலிருந்து ஏன் விலக்கினேன் என்றால், அதில் திரைக்குப் பின்னால் பதில் சொல்லும் மனிதர் இருக்கிறார். 2014இல் வெளியான ஆய்வொன்றில், 24 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகள் புதிய வினைச்சொற்களை நேரில் பேசியவரிடமிருந்தும் வீடியோ அழைப்பில் பேசியவரிடமிருந்தும் கற்றார்கள், பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. ஆகவே அவர் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழைத்து, மகளிடம் அன்று என்ன சாப்பிட்டாள், பீலியில் யார் தண்ணீர் பிடித்தார்கள் என்று கேட்டு, மகனுக்குத் தொப்பியால் முகத்தை மறைத்து விளையாட்டுக் காட்டட்டும். குழந்தை எதைக் காட்டுகிறானோ அதைப் பற்றி அவர் பேச, நீங்களும் பக்கத்தில் இருந்து "அப்பா தொப்பியப் பத்திக் கேக்கிறாரு" என்று இணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இறுதியாக, காணொளியை நிறுத்தினால் பேச்சு வந்துவிடும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. பன்னிரண்டு மாதத்தில் மழலைச் சத்தமோ கையால் காட்டுவதோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொந்தமாகப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, அல்லது முன்பு சொன்ன சொற்கள் மறைந்துவிட்டன என்றால், அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி மூலம் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். காது கேட்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் பிறவியிலேயே இருந்த செவிக்குறை போனின் மேல் பழியாகப் போய்விடக்கூடும். குழந்தையின் வளர்ச்சிப் புத்தகத்தையும் கொண்டு போங்கள். போன் காட்டியதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம், நாளுக்கு எவ்வளவு நேரம், எந்த வேளைகளில் என்று உள்ளபடி சொன்னால்தான் மருத்துவருக்கு எதைத் தேட வேண்டும் என்பது தெரியும்.