நாலு கிரவுண்டில் பதினாலு மாடி: பழைய அடுக்ககத்தை இடிக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: தியாகராய நகரில் 1986-இல் கட்டப்பட்ட, தரைத்தளத்துடன் மூன்று மாடிகள் கொண்ட அடுக்ககத்தில் வசிக்கிறோம். மனை நாலு கிரவுண்டு. 80 அடி அகலம், 120 அடி ஆழம். மொத்தம் 12 வீடுகள், ஒவ்வொன்றும் 950 சதுர அடி. நாற்பதடித் தெரு. இதை இடித்துவிட்டு 14 மாடிக் கட்டடம் எழுப்புவதாகவும், ஒவ்வொருவருக்கும் 1,400 சதுர அடியில் புதிய வீட்டை இலவசமாகத் தருவதாகவும், கட்டி முடிக்கும் 30 மாதங்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை கொடுப்பதாகவும் ஒரு பில்டர் சொல்கிறார். ஒன்பது பேர் சம்மதித்துவிட்டார்கள். இருவர் மறுக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் பதிலே அனுப்பவில்லை. தரைத்தளத்தில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 78 வயது. நாங்கள் கையெழுத்துப் போடலாமா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே மனையின் நீள அகலத்தையும் தெருவின் அகலத்தையும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சதுர அடி விலையில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். தெருவின் அகலத்தை நான் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் சென்னையில் ஒரு கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதைத் தீர்மானிப்பவை அந்த அளவுகள்தான். ஆகவே பில்டரின் வாக்குறுதியை முதலில் டேப்பால் அளந்து பார்ப்போம்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடம் உயரமான கட்டடம் என்ற வகைக்குள் போய்விடும். அந்த வகைக்கு 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் இன்னும் ஒரு மீட்டர் கூடும். உங்கள் மனை ஏறத்தாழ 24.4 மீட்டர் அகலமும் 36.6 மீட்டர் ஆழமும் கொண்டது. நான்கு பக்கமும் ஏழேழு மீட்டர் விட்டால் மிஞ்சுவது 10.4 மீட்டருக்கு 22.6 மீட்டர், அதாவது சுமார் 2,500 சதுர அடி. அதில்தான் லிஃப்டுகள், படிக்கட்டுகள், நடைவழி, வீடுகள் எல்லாம் அடங்க வேண்டும். வாகன நிறுத்தத் தளத்தோடு 14 மாடி என்றால் உயரம் ஏறக்குறைய 45 மீட்டர் ஆகும். அப்போது பக்கத்துக்கு 10 மீட்டர் விட வேண்டியிருக்கும், கட்டடத்துக்குக் கிடைக்கும் அகலம் 4.4 மீட்டர். அந்த அகலத்தில் ஒரு நடைவழியும் ஓர் அறையும் வைக்கலாம், வீடு கட்ட முடியாது. இதற்கு மேல், உயரமான கட்டடங்களுக்கான 3.25 என்ற தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 18 மீட்டர் அகலமாவது உள்ள சாலைக்கு உரியது. உங்கள் தெரு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். பில்டர் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மனையையும் சேர்த்து வாங்கும் திட்டம் அவர் மனத்தில் இருந்தால் அதை எழுத்தில் வாங்க வேண்டும். அப்போது உங்கள் பங்கு எந்த நிலத்தில், எத்தனை சதுர அடி என்ற கேள்வியே மாறிவிடும்.

1959-இல் மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்ட நாள் முதல் இந்த ஊருக்கு உயரத்தின் மீது ஓர் ஆசை உண்டு. பதினாலு என்ற எண்ணைப் பில்டர்கள் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அது நிற்பது மவுண்ட் ரோட்டில், நாற்பதடித் தெருவில் அன்று.

அப்படியானால் உங்கள் மனையில் எதைக் கட்ட முடியும்? வாகன நிறுத்தத்துக்கான ஸ்டில்ட் தளமும் அதன் மேல் ஐந்து மாடிகளும் 18.30 மீட்டருக்குள் அடங்கும். இந்த வகைக்குக் குறியீடு 2. அதாவது 9,600 சதுர அடி மனையில் 19,200 சதுர அடி கட்டலாம். அரசுக்கு, வழிகாட்டி மதிப்பின் (அரசே நிர்ணயிக்கும் நில மதிப்பின்) அடிப்படையில் கணக்கிடப்படும் கட்டணம் செலுத்தினால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்ற கூடுதல் பரப்பும் கிடைக்கும்: 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் உள்ள தெருவுக்கு 30 சதவீதம், 12 முதல் 18 மீட்டருக்குள் 40 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம். நாற்பதடி என்பது 12.19 மீட்டர். உங்கள் தெரு ஒரு பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு விழாமல் நிற்பது வெறும் ஏழரை அங்குலத்தில். எதிர்வீட்டுச் சுற்றுச்சுவர் தெருவுக்குள் சற்றே நீண்டிருந்தாலும், ஆவணத்தில் நாற்பது என்று இருந்து தரையில் முப்பத்தெட்டரை என்று அளந்தாலும், 40 சதவீதம் 30 ஆகிவிடும். உங்களுக்கு அதன் பொருள் 1,920 சதுர அடி இழப்பு, ஒரு முழு வீட்டைவிட அதிகம். ஆகவே எந்தப் பேச்சுக்கும் முன் பதிவுபெற்ற சர்வேயர் ஒருவரைச் சங்கத்தின் செலவில் அமர்த்தித் தெருவையும் மனையையும் அளந்துகொள்ளுங்கள். பில்டர் தரும் வரைபடத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது. விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், கையெழுத்திடும் வாரத்தில் நடப்பில் உள்ள விதியையும் ஒரு கட்டட வல்லுநரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தெரு 12 மீட்டருக்குக் குறையவில்லை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 26,880 சதுர அடி கிடைக்கும். பன்னிரண்டு பேருக்கும் 1,400 வீதம் 16,800 போக, பில்டருக்கு மிஞ்சுவது 10,080. அந்தப் பத்தாயிரத்தை விற்றுத்தான் அவர் 26,880 சதுர அடியையும் கட்டி முடித்து, கூடுதலான 7,680 சதுர அடிக்கு அரசுக் கட்டணம் செலுத்தி, உங்களுக்கு வாடகையாக 90 லட்சம் ரூபாய் கொடுத்து, லாபமும் பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் புதிய வீடு என்ன விலைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு இடித்தால் அந்தப் பில்டர் தாராளமானவர் என்று பொருள்கொள்ளாதீர்கள். பாதியில் நின்றுபோன கட்டடங்கள் பலவற்றின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட தாராளம் இருந்ததை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

அந்த 1,400 என்பது எந்த அளவு என்பதையும் கேட்க வேண்டும். நடைவழி, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்துச் சொல்லும் விற்பனை அளவாக இருந்தால், வெளிச்சுவரும் பால்கனியும் கழிந்த கார்ப்பெட் ஏரியா ஆயிரம் சதுர அடியை ஒட்டியே நிற்கும். 1986-இல் கட்டிய வீடுகளில் பொதுப்பகுதி மிகக் குறைவு. ஆகவே பழைய 950-க்கும் புதிய 1,400-க்கும் இடையே காகிதத்தில் தெரியும் வித்தியாசம் கூடத்தில் பாய் விரித்துப் பார்த்தால் தெரியாமல் போகலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இல் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த அளவையே எழுதச் சொல்லுங்கள்.

இனிச் சம்மதம் பற்றி. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு, மறுகட்டுமானத்துக்கு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் போதும். பன்னிரண்டில் எட்டு, உங்களிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் நம்பி மறுப்பவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பான்மையின் தீர்மானம் வேறு, ஒருவர் தன் பெயரில் உள்ள பிரிக்கப்படாத நிலப் பங்கைப் பத்திரத்தின் வழியே மாற்றிக் கொடுப்பது வேறு. ஒரு இடைக்காலத் தடை உத்தரவு வந்தால், வீட்டைக் காலி செய்து வாடகை வீட்டில் இருக்கும் ஒன்பது குடும்பங்களுக்குத்தான் முதல் அடி. மறுக்கும் இருவரும் எதற்காக மறுக்கிறார்கள் என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது மற்றவர்கள் கேட்க மறந்த கேள்வியாக இருக்கும். உங்கள் சங்கம் பழைய சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மட்டும் பதிவாகியிருந்தால், புதிய சட்டத்தின்படி பதிவு செய்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட அதிகார ஆவணத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.

எண்பதுகளில் கட்டிய அடுக்ககங்களில் நான் மீண்டும் மீண்டும் பார்க்கும் ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரின் விற்பனைப் பத்திரங்களையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எழுதியுள்ள நிலப் பங்கைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் மனைக்கு அது 9,600 வர வேண்டும். சில இடங்களில் குறையும். அன்றைய கட்டுநர் மொட்டை மாடியைப் பிற்காலத்தில் பயன்படுத்தலாம் என்றெண்ணி ஒரு பங்கைத் தன் பெயரிலேயே வைத்திருப்பார். அல்லது மூல நில உரிமையாளரின் பெயரில் ஒரு துண்டு எழுதப்படாமல் நின்றிருக்கும். நாற்பது ஆண்டுக்குப் பிறகு அவருடைய வாரிசு கட்டடத்தை இடிக்கும் அன்று வந்து நிற்பார். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து எழுத்துபூர்வமான கருத்து வாங்குங்கள். யாருடைய வீடாவது வங்கியில் அடமானத்தில் இருந்தால் அந்த வங்கியின் தடையின்மைச் சான்றும் தேவை.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்வது வரிசையை. நீங்கள் நிலத்தைக் கொடுக்க, பில்டர் கட்டி வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அதோடு பில்டர் கேட்கும் பொது அதிகார ஆவணத்தில் முதலில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். அவருடைய பங்கு வீடுகளை விற்கும் அதிகாரம் பணி முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வர வேண்டும்; கடைசிப் பகுதி உங்கள் வீட்டுச் சாவியும் பணி நிறைவுச் சான்றும் கைக்கு வந்த பிறகே. திட்ட அனுமதி வந்த பின்தான் வீட்டைக் காலி செய்வோம் என்று எழுதுங்கள். காலி செய்த பிறகு அனுமதிக்காக ஓராண்டு காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். வாடகை 30 மாதத்தோடு நின்றுவிடாமல் ஒப்படைக்கும் நாள் வரை தொடர வேண்டும், தாமதமானால் கூட வேண்டும். அதற்கு ஈடாக ஒரு வங்கி உத்தரவாதம் இருப்பது நல்லது. எட்டு வீடுகளுக்கு மேல் வருவதால் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வாங்குபவர்களிடமிருந்து வரும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், கட்டமைப்புக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் பில்டர் பொறுப்பு என்ற பாதுகாப்புகள் அந்தச் சட்டத்தில் உள்ளன. உங்களில் எவரேனும் தம் பங்கை முன்னதாகவே விற்க முற்பட்டால் அவரும் மேம்பாட்டாளராகக் கருதப்பட்டுக் கூட்டுப் பொறுப்பில் சிக்க நேரிடலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயம் சுருக்கமானது. தனிநபர்கள் செய்துகொள்ளும் பதிவு செய்த கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தில் மூலதன ஆதாய வரி, கையெழுத்திடும் ஆண்டில் வராமல் பணி நிறைவுச் சான்று வரும் ஆண்டில் வருமாறு 2017-இல் விதி கொண்டுவரப்பட்டது. சான்று வருவதற்குள் பங்கை விற்றால் இந்தச் சலுகை போய்விடும். உங்கள் வீடுகளுக்கான ஜி.எஸ்.டி. யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாத இடத்தில் கடைசியில் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

இடிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உப்புக் காற்றும், கட்டும்போது பயன்படுத்திய உவர்நீரும் சேர்ந்து கம்பி துருப்பிடித்து, கூரையில் காரை பெயரும் கட்டடங்களைச் சென்னையில் நிறையப் பார்க்கிறோம். 2002-இல் நிலநடுக்கத்துக்கான கட்டட விதித் தொகுப்பு திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 1986-இல் வடிவமைத்த தூண்கள் அதற்கு ஏற்றவையாக இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் காரை பெயர்வதெல்லாம் இடிப்பதற்குக் காரணம் ஆகாது. கான்கிரீட்டிலிருந்து மாதிரி வெட்டியெடுத்துச் சோதித்துத் தரும் கட்டமைப்புத் தணிக்கை அறிக்கை ஒன்றைச் சங்கமே வாங்கிக்கொள்ளட்டும். இன்னும் பதினைந்து ஆண்டு தாங்கும் என்று தெரிந்தால் பேரத்தில் உங்கள் குரல் மாறும். பழுதுபார்க்க முடியாது என்று வந்தால், மறுக்கும் இருவரும் யோசிக்க அது ஒரு காரணமாகும்.

மண்ணையும் மறக்க வேண்டாம். தியாகராய நகரும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் ஒரு காலத்தில் நீண்ட ஏரியாக இருந்த நிலத்தை ஒட்டி எழுந்தவை. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையில் ஏரியின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்படிப்பட்ட களிமண்ணில் மண் பரிசோதனை அறிக்கைக்கு ஏற்ற ஆழத்துக்குப் பைல் அடித்தளம் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்கள்) போடுவதே முறை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாகன நிறுத்தத்துக்காகத் தரைக்குக் கீழே தோண்டினால் நிலத்தடி நீரை இறைப்பார்கள். பக்கத்து வீடுகளின் சுவர் விரிசல் விடக் கூடும். பணி தொடங்கும் முன் அந்த வீடுகளைப் படமெடுத்துப் பதிவு செய்வதையும், இழப்பீட்டுப் பொறுப்பு பில்டருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கவும். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையான தடம் பனகல் பூங்கா வழியாகச் சுரங்கத்தில் போகிறது. உங்கள் மனை அதற்கு அருகே இருந்தால் மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மையும் தேவைப்படும். அதற்கான காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மா. புதிய கட்டடத்தில் தரைத்தளம் முழுவதும் கார்கள் நிற்கும். வீடுகள் முதல் மாடியிலிருந்துதான் தொடங்கும். வாசலில் இறங்கித் துளசிக்குத் தண்ணீர் ஊற்றி வந்தவர் இனி லிஃப்டை நம்பியே வெளியே வர முடியும். இதற்கு ஈடாக நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்: முதல் மாடியில், லிஃப்டுக்கு அருகில் உள்ள வீடு, ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு ஒரு லிஃப்ட், மின்தடையின்போது லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஜெனரேட்டர், படிகளில் இருபுறமும் கைப்பிடி. யாருக்கு எந்த வீடு, எந்தக் கார் நிறுத்தம் என்று எண்ணிட்ட வரைபடத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாக வைத்து, பன்னிரண்டு பேரும் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். சர்வேயரின் அளவும் வழக்கறிஞரின் கருத்தும் தணிக்கை அறிக்கையும் கைக்கு வரும் வரை, பில்டர் நீட்டும் சம்மதக் கடிதத்திலோ முன்பண ரசீதிலோ உங்கள் கையெழுத்து விழ வேண்டாம்.